ஒழுகினால் பொறுக்காதவர்

அவரை நான் முதலில் பார்த்தபோது என் வீட்டு வாசல் குழாயின் முன்னால் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். மலாக்காவில், புக்கிட் காத்திலில் எங்கள் தாமான் குடியிருப்பின் வரிசை வீடுகளில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு குழாய் உண்டு. செடிக்கு ஊற்றவும் வாசலில் நிறுத்தும் காடியைக் கழுவவும் வைத்தது. என் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. நாள் முழுக்கத் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு சத்தம் காதில் விழுவதில்லை. வெளியே நிழலாடுகிறதே என்று எட்டிப் பார்த்தால், பக்கத்து வீட்டுக்கு முந்தின வாரம் குடிவந்த மனிதர் என் கேட்டைத் திறந்து உள்ளே வந்து, கையில் ஸ்பேனரோடு குந்தியிருக்கிறார்.

"யாருங்க?" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "வாஷர் போயிருச்சு. வந்த நாள்லேருந்து சொட்டிக்கிட்டே இருக்கு. மாத்தி இறுக்கிட்டேன். இனிமே பயமில்ல."

எழுந்து, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, கேட்டை மெதுவாகச் சாத்திவிட்டுப் போய்விட்டார். சொட்டுத் தண்ணீருக்கு யார் பயந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அவர் அந்த வார்த்தையை எங்கும் சொல்வார் என்பது போகப் போகத் தெரிந்தது. எதை இறுக்கினாலும், இனிமே பயமில்ல.

அவருக்குக் கட்டட வேலை இடங்களில் பைப்புப் போடும் தொழில். புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, தோட்டத்தை விற்றபின் ஒரு சீனக் கொந்தரேக்டரிடம் சேர்ந்து, மலாக்கா முழுக்க அடுக்குமாடிகளுக்குக் குழாய் மாட்டியவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி உடம்பு, பெரிய கைகள். தாமான் கோயிலில் வெள்ளிக்கிழமை பூசை நடந்துகொண்டிருக்கும். எல்லாரும் சாமியைப் பார்த்துக் கைகூப்பி நிற்க, இவர் தலை மட்டும் பக்கவாட்டில் திரும்பும். சற்று நேரத்தில் ஆளைக் காணோம். கால் கழுவும் இடத்துக் குழாயடியில் இருப்பார். ஒருமுறை பட்டணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். திரும்பி வரும்போது சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருந்தது. மண்டபத்துத் தண்டாசில் கழிவறைத் தண்ணீர்த் தொட்டி ஓடிக்கொண்டே இருந்ததாம்.

"சாப்பிட்டுட்டுப் போய்ப் பாத்திருக்கலாம்லண்ணே," என்று பக்கத்திலிருந்தவர் சிரித்தார்.

"சத்தம் கேட்டுக்கிட்டே எப்படிலா சாப்பிடறது," என்றார் அவர். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள இருந்துவிட்டேன். அவரும் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. ரவிக்கையும் பஞ்சாபி உடையும் தைத்துக் கொடுத்துக்கொண்டு அந்த வீட்டில் தனியாக இருந்தேன். சில நாள்களில் துணி கொண்டுவரும் பெண்களைத் தவிர யாரோடும் பேசாமலே பொழுது போய்விடும்.

அடுத்த தடவை அவர் வந்தபோது கேட்டைத் திறக்கவில்லை. வெளியே நின்று கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒரு உதவி. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க, ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

அவருக்கு ஒரு மகள் இருந்தாள். ஏழு வயது. தர்ஷினி. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளையில் அடிபட்ட பிள்ளை. நடக்கமாட்டாள், பேசமாட்டாள். வாய்வழியாகக் கொடுத்தால் பால் நெஞ்சுக்குள் போய்விடும் என்று, ஐந்து வயதில் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். பகலில் பார்த்துக்கொண்டிருந்த இந்தோனேசியப் பெண் ஊருக்குப் போய்விட்டாள். வேறு ஆள் கிடைக்கும்வரை பகல் நேரத்தில் மட்டும் நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

"அவங்க அம்மா?" என்றேன்.

"இருக்காங்க. இங்க இல்ல."

அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசிவரை அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

குழாயைப் பற்றி அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தை இன்றும் நினைத்துப் பார்ப்பேன். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சுகளை வெந்நீரில் கழுவி வெள்ளைத் துண்டில் வரிசையாக வைத்திருந்தார். பிள்ளையின் சட்டையைத் தூக்குவதற்கு முன்னால், "பாப்பா, அத்தைக்குக் காட்டப் போறேன்," என்று அவளிடம் சொன்னார். தொப்புளுக்கு மேலே, இடப்பக்கம், சுண்டுவிரல் கனத்தில் ஒரு குழாய். வெளியே, தோலின்மேல் ஒரு சின்னத் தட்டு.

"உள்ள, வயித்துக்குள்ள, காளான் மாதிரி ஒரு குமிழ் இருக்கு. அதான் வெளிய வராமப் புடிச்சிக்குது. வெளிய இந்தத் தட்டு, உள்ள போயிராமப் புடிச்சிக்குது. தட்டுக்கும் தோலுக்கும் நடுவுல ஒரு காசு போற எடம் விடணும்னு ஆஸ்பத்திரி நர்ஸ் மிசி சொன்னாங்க. தெனமும் ஒருவாட்டி குழாய லேசா உள்ள தள்ளி, ஒரு சுத்து சுத்தணும். சுத்துனா நல்லா இருக்குன்னு அர்த்தம்."

அவர் சுற்றிக் காட்டினார். அந்தப் பெரிய விரல்களுக்கு நடுவில் குழாய் சத்தமில்லாமல் சுழன்றது.

இப்படித்தான் தர்ஷினி என் வீட்டுக்கு வந்தாள். காலை ஏழு மணிக்குச் சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்து விடுவார். மாலை ஆறு மணிக்கு வந்து கூட்டிப்போவார். மிஷின் பக்கத்தில் அவளை நிறுத்திக்கொள்வேன். மிஷின் ஓடினால் அவளுக்குப் பிடிக்கும். நிறுத்தினால் முகத்தைச் சுளிப்பாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தோளை உயர்த்தி, தொண்டைக்குள்ளேயே சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே வெறும் துணியில் தையல் ஓட்டியிருக்கிறேன். மூன்று வேளை சிரிஞ்சைக் குழாயில் மாட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பால் மெதுவாக இறங்குவதைப் பார்த்து நிற்பேன். அப்பா போன பிறகு என் வீட்டில் இன்னொருவருக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று வந்தது அப்போதுதான். வேறு ஆள் தேடுவதைப் பற்றி அவரும் பிறகு பேசவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஐந்தாறு மாதம் கழித்துக் குழாயைச் சுற்றிப் பால் கசிய ஆரம்பித்தது. முதலில் துணியில் ஒரு நாணயம் அளவு ஈரம். பிறகு சட்டையே நனைந்தது. புளித்த வாடை வந்தது. துளையைச் சுற்றித் தோல் சிவந்து, ஓரத்தில் சிவப்பாக ஒரு சின்னச் சதை முளைத்திருந்தது. மாலையில் அவர் வந்து பார்த்தபோது அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். பிள்ளைக்கு வலிக்குமே என்ற முகம்தான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. என் வாசல் குழாய் முன்னால் குந்தியிருந்தவரின் முகம்.

"எவ்வளவு நேரமா ஒழுகுது?"

"மத்தியானத்துலேருந்துண்ணே. கிளினிக்ல காட்டலாமா?"

"அடுத்த மாசம் அப்பாய்ன்மெண்டு இருக்கு. அதுக்குள்ள பாத்துக்கலாம்."

இரண்டு நாளில் கசிவு நின்றது. காலையில் கொண்டுவந்து விடும்போது, "இனிமே டிரெஸ்ஸிங் மாத்தறது, குழாயச் சுத்தறது எல்லாம் நானே வீட்ல செஞ்சிர்றேன் தங்கச்சி. நீங்க பால் மட்டும் குடுத்தாப் போதும்," என்றார். எனக்கு வேலை குறையட்டும் என்று சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். சட்டை காய்ந்தே இருந்தது. அவர் மாலையில் வந்ததும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்ப்பார். தொட்டுவிட்டு, "பாப்பா, இனிமே பயமில்ல," என்பார்.

ஆனால் பால் இறங்கும் வேகம் குறைந்துகொண்டே வந்தது. கால் மணி நேரத்தில் இறங்கியது அரை மணி ஆயிற்று. பிள்ளை சிரிப்பதும் குறைந்தது. அப்போது நான் அவை இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிரிஞ்சில் ஊற்றிய பால் அப்படியே நின்றது. லேசாக அழுத்தினேன். தர்ஷினியின் உடம்பு முழுக்க விறைத்துக்கொண்டது. சத்தம் வராத அழுகை அவளுடையது. வாய் மட்டும் திறந்திருக்கும். டிரெஸ்ஸிங் நனைந்து வழிய ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தேன். தட்டு தோலுக்குள் அமுங்கிக் கிடந்தது. அவர் சொல்லிக்கொடுத்தபடி குழாயைச் சுற்றிப் பார்த்தேன். சுற்றவில்லை. உள்ளே தள்ளினால் தள்ளவும் முடியவில்லை.

போன் செய்தேன். அவர் இருபது நிமிடத்தில் வந்துவிட்டார். வந்தவர், "நீங்க பாப்பாவோட துணியெல்லாம் எடுத்து வைங்க தங்கச்சி," என்று சொல்லிவிட்டு அவளோடு அறையில் தனியாக இருந்தார். பையைத் தயார் செய்துகொண்டு நான் உள்ளே போனபோது புது டிரெஸ்ஸிங் போட்டு முடித்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸிங்கைப் பிரித்த மலாய் மிசி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். தட்டு இப்போது தளர்வாக இருந்தது. ஆனால் தோலில் அதன் வட்டம் ஆழமாகப் பதிந்து, ஓரமெல்லாம் புண்ணாகியிருந்தது.

"பகல்ல யார் பாத்துக்கறது?" என்று மலாயில் கேட்டாள்.

அவர் சுவரைப் பார்த்தபடி, "இவங்கதான்," என்றார்.

அது உண்மைதான். பகலில் பார்த்துக்கொண்டது நான்தான். மிசி என் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை. "காக்கா," என்று மலாயில் அக்காவைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள். "இவ்வளவு இறுக்கமா வைக்கக்கூடாது. உள்ள இருக்கற குமிழ இது இழுத்துக்கிட்டே இருக்கும். உங்களுக்குச் சொல்லிக்குடுத்திருப்பாங்களே," என்றாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் பிள்ளையின் காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

வயிற்றுக்குள் இருக்கவேண்டிய குமிழ் வயிற்றுச் சுவருக்குள்ளேயே புதைந்துவிட்டது, மேலே சதை மூட ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். வயிற்றைத் திறந்து எடுக்கலாம். ஆனால் அவள் நுரையீரல் ஏற்கெனவே மோசம். அந்த வருடத்திலேயே இரண்டு முறை சளிக் காய்ச்சலில் படுத்தவள். பெரிய அறுவைக்குப் பிறகு தானாக மூச்சுவிடுவாளா என்பது சந்தேகம். கோலாலம்பூரில் ஒரு டாக்டர் இருக்கிறார், வாய்வழியாகக் காமிரா விட்டு வயிற்றைக் கிழிக்காமலே எடுப்பவர், அவரிடம் அனுப்பலாம், இடம் கிடைக்கும்வரை மூக்குவழியாகக் குழாய் விட்டுப் பால் கொடுப்போம் என்றார்.

ஒன்பது நாள் காத்திருந்தோம். பகலில் கட்டில் பக்கத்தில் நான் இருந்தேன். மாலையில் அவர் வருவார். அந்த ஒன்பது நாளும் நான் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். டிரெஸ்ஸிங்கை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொல்வதற்கு முன்பு எப்போதோ உடை மாற்றும்போது, தட்டு மேலே நகர்ந்துவிட்டதென்று நானே கீழே தள்ளியிருந்தேன். எவ்வளவு தள்ளினேன்? ஒரு காசு இடம் விட்டேனா? விரலைக் குவித்து அந்த அசைவைக் காற்றில் செய்து பார்ப்பேன். மூக்குக் குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கத் தர்ஷினியின் கைகளில் துணியுறை மாட்டியிருந்தார்கள். அவள் அந்தக் கைகளால் என் மணிக்கட்டைத் தட்டுவாள். வீட்டுக்குப் போகலாம் என்கிறாளோ என்று எனக்குத் தோன்றும்.

"என்னாலதான் போலிருக்குண்ணே," என்று மூன்றாம் நாள் அவரிடம் அழுதுகொண்டே சொன்னேன்.

அவர் எனக்காக வாங்கிவந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை மேசையில் வைத்தார். "அப்படியெல்லாம் நெனைக்காதீங்க," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து போய் வார்டின் கைகழுவும் தொட்டியருகே நின்றார். அது சொட்டிக்கொண்டிருந்தது. வெகுநேரம் அதை இறுக்கிக்கொண்டே இருந்தார்.

கோலாலம்பூருக்குப் போகும் நாளில், "கூட வர்றீங்களா தங்கச்சி? நான் ஒருத்தனாப் போனா..." என்று கேட்டு நிறுத்தினார். நான் போனேன். ஆம்புலன்ஸில் பிள்ளையின் இரண்டு பக்கமும் இருவரும் உட்கார்ந்திருந்தோம். வழி நெடுக எண்ணெய்ப் பனை.

அந்த டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். என்னைவிட இளையவர். சின்ன உருவம், தெளிவான பேச்சு. பிள்ளையின் வயிற்றைத் தொடுவதற்கு முன்னால் தன் கையை உரசிச் சூடாக்கிக்கொண்டார். பார்த்து முடித்தபின், ஒரு தாளை எடுத்து இரண்டு கோடு போட்டார்.

"இது வயித்துச் சுவர். குமிழ் இங்க உள்ள இருக்கணும். இப்ப இந்தச் சுவருக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. வாய் வழியா காமிரா விடுவேன். வெளியேருந்து இந்தக் குழாய்க்குள்ளயே ஒரு மெல்லிய கம்பி விட்டு, அது மேலயே குமிழ உள்பக்கமாத் தள்ளி, வாய் வழியா எடுத்துருவேன். அதே பாதையில புதுக் குழாய் வச்சிரலாம். தையல் கூட வேணாம்." பேனாவை வைத்தார். "ஆனா ஒண்ணு எனக்குச் சரியாத் தெரியணும். எவ்வளவு நாளா இறுக்கமா இருந்துச்சு? கொஞ்ச வாரம்னா மேல மூடுன சதை மெலிசா இருக்கும், தள்ளலாம். மாசக்கணக்குன்னா நல்லா வளந்து கெட்டியாயிருக்கும். அப்பத் தள்ளினா வயிறு கிழிஞ்சிரும். முதல்ல உள்ளுக்குள்ளயே வெட்டி வழி பண்ணணும், அதுக்கு வேற ஏற்பாடு. கடிதத்துல ஒண்ணும் தெளிவா இல்ல. யாரு பாத்துக்கறது வீட்ல?"

நான் வாயைத் திறந்தேன். "நான்தான் டாக்டர். எனக்கு... நான் எப்ப தள்ளினேன்னு சரியா ஞாபகம் இல்ல. நாலஞ்சு மாசம்..."

"அவங்க இல்ல," என்றார் அவர்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"நான்தான் இறுக்குனேன். பால் ஒழுகிச்சு. தட்ட அமுக்குனா நின்னுச்சு. அடுத்த நாள் மறுபடி ஈரம். இன்னும் கொஞ்சம் அமுக்குனேன். தெனமும் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமா. இவங்களுக்குத் தெரியாது. இவங்கள டிரெஸ்ஸிங்கத் தொட வேணாம்னு சொன்னது நான்தான். இருபத்தி மூணு நாள் டாக்டர். அதுக்கு முன்னாடி நல்லாச் சுத்திக்கிட்டு இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "ஆஸ்பத்திரிக்கு வர்ற அன்னிக்குத் தட்டத் தளத்தி விட்டதும் நான்தான். தெரிஞ்சிரக் கூடாதுன்னு."

என் கைகள் மடியில் கிடந்தன. ஒன்பது நாளாகக் காற்றில் தட்டைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த விரல்கள்.

டாக்டர் அவரைத் திட்டவில்லை. "இருபத்தி மூணு நாள். நிச்சயமாவா?"

"நிச்சயம்."

"நல்லதாப் போச்சு சொன்னீங்க," என்று அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டார்.

"பைப்பு வேலை."

"சரி," என்று தலையசைத்தார். "பைப்புல ஒழுகுனா இறுக்கணும். இது பைப்பு இல்லண்ணே. இது சதை. அமுக்குனா ரத்தம் ஓடாது, புண்ணாகும், குமிழ் புதையும். ஓரத்துல சதை முளைச்சிருந்துச்சு பாருங்க, அதனாலதான் ஒழுகியிருக்கு. அதுக்கு ஒரு மருந்து தடவினாப் போதும். கொஞ்சம் ஈரம் இருந்தாப் பரவாயில்ல. ஒழுகினா எங்கள வந்து பாக்கணும். இறுக்கக் கூடாது."

"தெரிஞ்சிக்கிட்டேன்," என்றார் அவர்.

மறுநாள் காலை பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே நாற்காலி வரிசையில் நாங்கள் இருவரும் நடுவில் ஓர் இடம் விட்டு உட்கார்ந்தோம். அவர் கைகள் இரண்டும் தொடைக்கு அடியில் இருந்தன.

"திட்டுங்க தங்கச்சி," என்றார்.

நான் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மிசி கேட்டப்ப சொல்லியிருக்கணும். வாய் வரல. நான்தான்னு சொன்னா புள்ளைய எங்கிட்டேருந்து வாங்கிக்குவாங்கன்னு பயந்துட்டேன். வேற யாரு இருக்கா அவளுக்கு? அப்புறம் நீங்க உங்க மேலயே போட்டுக்கிட்டீங்க. ஒவ்வொரு நாளும் சொல்லணும்னுதான் வந்தேன்."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது இறுக்கியதற்காக அல்ல. ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாசி லெமாக் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, நான் அழுவது தெரிந்தும், குழாயை இறுக்கப் போனாரே. அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. "பாப்பா வரட்டும்ணே," என்று மட்டும் சொன்னேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். "வந்துருச்சு. நீங்க சொன்ன மாதிரியே சதை மெலிசாத்தான் இருந்துச்சு. முதல் தள்ளுலயே உள்ள போயிருச்சு. வயித்துல ஒரு வெட்டும் இல்ல. தானா மூச்சு விடறா. நாளைக்குச் சாயங்காலம் பால் ஆரம்பிச்சிரலாம்."

அவர் எழுந்து நின்று கைகூப்பினார். டாக்டர் போன பிறகும் கையை இறக்காமல் நின்றார். நான் உட்கார்ந்தே இருந்தேன். எழுந்து போய் அவர் தோளைத் தொட ஒரு எட்டுத்தான். போகவில்லை.

மலாக்காவுக்குத் திரும்பியபின் எல்லாம் பழையபடி நடந்தது. காலை ஏழு மணிக்கு அவர் கொண்டுவந்து விட்டார், ஆறு மணிக்குக் கூட்டிப்போனார். தர்ஷினி மறுபடியும் மிஷின் சத்தத்துக்குச் சிரித்தாள். புதுக் குழாயைச் சுற்றிச் சில நாள் கொஞ்சம் ஈரம் இருக்கும். அவர் மாலையில் வந்து அதைப் பார்ப்பார். தொடமாட்டார். "எவ்வளவு ஈரம்னு எழுதி வைங்க தங்கச்சி, கிளினிக்ல கேப்பாங்க," என்பார். கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு அந்த ஈரத்தையே பார்த்தபடி நிற்பார். அப்படி நிற்பது அவருக்கு எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரிந்தது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கும் அவருக்கும் இடையில் பேச்சு பாலைப் பற்றியும் டிரெஸ்ஸிங்கைப் பற்றியும் மட்டுமே ஆகிவிட்டது. முன்பெல்லாம் வாசலில் நின்று வேலையிடத்துக் கதை ஒன்றாவது சொல்லிவிட்டுப் போவார். இப்போது "வர்றேன் தங்கச்சி" என்பதோடு சரி. நானும் "சரிண்ணே" என்பதோடு சரி. நான் தண்டிக்கவேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. ஆனால் அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

நான்கு மாதம் கழித்துச் சுங்கை ரம்பாயில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கே போய்விடுவதாகச் சொன்னார்.

"அக்காவுக்கு ரிட்டயர் ஆயிருச்சு. பாப்பாவப் பாத்துக்கறேன்னு சொல்லுது. உங்களுக்கும் எவ்வளவு நாளைக்குத் தொந்தரவு குடுக்கறது."

தொந்தரவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி அவர் காத்திருந்தார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நான் தர்ஷினியின் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தேன். "உங்களுக்கு எது வசதியோ அப்படிச் செய்ங்கண்ணே," என்றேன்.

சாமான் ஏற்ற லோரி வந்த அன்று பிள்ளைக்கு நான் தைத்த ஆறு சட்டைகளைக் கொடுத்தேன். எல்லாம் முன்பக்கம் திறக்கும் சட்டைகள், குழாய்க்குத் தோதாக. அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு என் வீட்டில் மிஷின் மட்டும் ஓடியது. சில நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு என்னையறியாமல் எழுந்து அடுப்படிக்குப் போய், சிரிஞ்சு கழுவ வெந்நீர் வைத்துவிட்டு நிற்பேன்.

இரண்டு வருடம் போயிற்று. ஒரு பள்ளி விடுமுறை நாளில் பஸ் ஏறிச் சுங்கை ரம்பாய்க்குப் போனேன். துணி வாங்கப் போவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். ஏன் அப்படிப் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை. வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. சக்கர நாற்காலிப் பிள்ளை என்று கடையில் கேட்டதும் காட்டிவிட்டார்கள்.

அக்கா நல்ல மனுஷி. யாரென்று சொன்னதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அவர் இல்லை. ஜொகூரில் ஒரு பெரிய கட்டட வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார், போன ஞாயிறுதான் வந்துபோனார் என்றார்.

"உங்களப் பத்திச் சொல்லியிருக்கான். புள்ளைய நல்லாப் பாத்துக்கிட்டீங்கன்னு. அவன் இப்ப ரொம்ப மாறிட்டான்மா. ஆஸ்பத்திரிக்குப் போனா, புது மிசி யாராச்சும் வந்தா, மொதல்ல அவங்ககிட்டப் போய், போன தடவ நான்தான் இறுக்கிப் புதைய வச்சேன், எனக்கு மறுபடி முதல்லேருந்து சொல்லிக்குடுங்கன்னு சொல்லுவான். எல்லார்கிட்டயும் ஏன்டா சொல்றன்னு நான் கூடத் திட்டுவேன். சொல்லிரணும்க்கா, சொல்லலன்னா வேற யார் தலையிலயாச்சும் போய் விழும்ங்கறான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். யார் தலையில் விழுந்தது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவர் சொல்லியிருக்கவில்லை. அதை நானும் சொல்லவில்லை.

தர்ஷினி சன்னல் ஓரம் இருந்தாள். ஒன்பது வயது முடிந்து உயரமாகியிருந்தாள். குழாய்க்குப் பதிலாக இப்போது வயிற்றில் சின்னப் பட்டன் போல ஒரு மூடி. நான் தைத்த சட்டை ஒன்றின் கையை நீட்டி ஒட்டுப் போட்டு இன்னும் போட்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கண்ணைச் சுருக்கி, தோளை உயர்த்தினாள்.

அக்கா கோப்பி போட அடுப்படிக்குப் போனார். நான் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். கோலாலம்பூரில் நடுவில் விட்ட நாற்காலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாதது, வாசலில் பட்டன் போட்டுக்கொண்டு சொல்ல முடியாதது எல்லாம் அவள் காதருகே வந்தது.

"பாப்பா, அப்பா வந்தா சொல்லு. அத்தைக்கு அவர் மேல கோபம் இல்லன்னு சொல்லு. கொஞ்ச நாள் இருந்துச்சு, அப்புறம் இல்ல. சொல்லத்தான் தெரியலன்னு சொல்லு."

வார்த்தை ஒன்றும் பேசாத பிள்ளை அவள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் கோப்பையும் கரண்டியும் இடிபடும் சத்தம் கேட்டது. அக்கா வருவதற்குள் இன்னொரு முறை, மெதுவாக, அவளுக்குப் புரியும்படி சொன்னேன்.